ஆய்வு ஆர்வம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது, பாடத்தேர்வுகளும் முடிந்துவிட்டன. துறைப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே ஆய்வு ஆர்வங்களாக ‘வளர்ச்சிப் பொருளியல், தொழிலாளர் பொருளியல், சுற்றுச்சூழல், சுகாதாரம், நடத்தைப் பொருளியல், இயந்திரக் கற்றல்’ என்று கொடுத்திருக்கிறேன். நெறியாளர் பார்த்துவிட்டு, “இது ஆர்வமா, பாடத்திட்டமா?” என்றார். உண்மையில் எனக்கு ஈடுபாடு பெண்களின் வேலைவாய்ப்பில்தான். பேருந்துக் கட்டணம் குறைந்தால் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போவார்களா என்று யோசித்து வைத்திருந்தேன். போன மாதம் அதே பொருளில் ஒரு பணிக்கட்டுரை (இதழில் வெளியாகும் முன் சுற்றுக்கு விடும் வரைவு) வந்துவிட்டது. தலைப்பைக் கைவிடுவதா? இயந்திரக் கற்றலை முன்னால் போட்டால் வேலைச் சந்தையில் மதிப்பு கூடுமா? எப்படிச் சுருக்குவது?

பதில்: நெறியாளர் சுருக்கென்று சொல்லிவிட்டாரே தவிர, சொன்னது சரி. பொருளியல் கட்டுரைகளை வகைப்படுத்தப் பயன்படும் ஜேஇஎல் குறியீட்டில், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தாக, இருபது பெருவகைகள் இருக்கின்றன. நீங்கள் எழுதியவை அதில் ஆறைத் தொடுகின்றன: ஓ, ஜே, க்யூ, ஐ, டி, சி. அந்த வரியைப் படிக்கப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். உங்கள் ஆய்வேட்டுக் குழுவில் சேரலாமா என்று யோசிக்கும் பேராசிரியர், கருத்தரங்கில் உங்கள் கட்டுரையை எந்த அமர்வில் போடுவது என்று பார்ப்பவர், பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும் குழு. மூவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவரிடம் எதைப் பற்றிப் பேசலாம்? ஆறு பெயரைப் பார்த்தால் எதைப் பற்றியும் பேச முடியாது என்றுதான் தோன்றும்.

துறைப்பெயர் ஆர்வம் ஆகாது. யாருடைய எந்த முடிவு, எது மாறும்போது மாறுகிறது, அந்த மாற்றம் எந்தத் தரவில் கண்ணுக்குத் தெரியும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால்தான் ஆய்வு ஆர்வம் என்ற பெயருக்கே அது தகும். கூடவே ஒரு சோதனை. விடை பூஜ்யம் என்று வந்தாலும் யாராவது படிப்பார்களா? ‘விளைவு இருந்தால் நல்ல கட்டுரை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்கிற கேள்வியில் மூன்று ஆண்டைப் பணயம் வைக்காதீர்கள்.

உங்கள் பேருந்துக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கேட்க ஒரே கேள்வி போல இருந்தாலும் உள்ளே மூன்று பின்னிக் கிடக்கின்றன. வேலைக்கே போகாதவர் வேலைக்குப் போகத் தொடங்குகிறாரா? ஏற்கெனவே போகிறவர் இன்னும் தொலைவில், கூடுதல் சம்பளத்துக்கு வேலை தேடுகிறாரா? அல்லது அதே வேலைக்கு அதே வழியில் போய், மிச்சமான காசை வேறு எதற்கோ செலவழிக்கிறாரா? முதல் கேள்விக்குத் தொழிலாளர் கணக்கெடுப்பு போதும். இரண்டாவதற்குப் பயண நேரமோ வேலையிடத்தின் அமைவிடமோ பதிவான தரவு வேண்டும். மூன்றாவதற்குக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. மூன்றையும் ஒரே கட்டுரையில் பிடிக்கப் பார்க்கும் மாணவர்கள்தான் நான்காம் ஆண்டில் தரவு இல்லாமல் நிற்கிறார்கள்.

அடுத்து, கட்டணம் ஏன் குறைந்தது? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுத முடியாவிட்டால் ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் கணக்கு) ஓட்டவே வேண்டாம். கட்டணக் குறைப்பு பெரும்பாலும் தனியாக வராது. புதிய வண்டிகள், புதிய தடங்கள், கூடுதல் நடைகள் என்று ஒரு மூட்டையாகவே வரும். அப்போது நீங்கள் அளப்பது கட்டணத்தின் விளைவா, பேருந்து அடிக்கடி வருவதன் விளைவா என்று பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு விதிகளின் நுணுக்கத்தில்தான் வழி கிடைக்கும். குறைப்பு சாதாரணப் பேருந்துக்கு மட்டும்தானா, விரைவுப் பேருந்துக்கும் உண்டா? குறிப்பிட்ட தொலைவுக்கு மேல்தான் பொருந்துமா? இப்படி ஓர் எல்லைக்கோடு கிடைத்தால் ஒரே ஊருக்குள்ளேயே ஒப்பிடலாம். அதிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விரைவுப் பேருந்தில் போனவர்கள் சாதாரணப் பேருந்துக்கு மாறிவிடுவார்கள், ஒப்பீட்டுக் குழுவாக வைத்த தடமே மாறிப்போகும். அரசாணை, கட்டண அட்டவணை, தட மாற்ற அறிவிப்பு மூன்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமலே எழுதப்பட்ட ஆய்வுத் திட்டங்களுக்குக் கணக்கில்லை.

தரவுக்கு வருவோம். கணக்கெடுப்பின் கேள்வித்தாளையும் குறியீட்டுப் புத்தகத்தையும் (தரவில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் கையேடு) முதலில் படியுங்கள், தரவுக் கோப்பைப் பிறகு திறக்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் உங்கள் முக்கிய மாறி என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் நடந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார) கணக்கெடுப்புகளில் இட ஆயத்தொலைகள் கிடைக்கும். ஆனால் பதில் சொன்னவர்களின் அந்தரங்கத்தைக் காக்க அவற்றை வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருக்கிறார்கள்: நகர்ப்புறக் கொத்துகளை (ஒன்றாகக் கணக்கெடுத்த பக்கத்து வீடுகளின் தொகுதிகளை) 2 கிலோமீட்டர் வரை, கிராமப்புறக் கொத்துகளை 5 கிலோமீட்டர் வரை, கிராமப்புறக் கொத்துகளில் ஒரு சதவீதத்தை 10 கிலோமீட்டர் வரை. நிறுத்தம் அரை கிலோமீட்டரில் இருக்கிறதா ஒன்றரையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் அந்தத் தரவு உதவாது. இதைக் குறியீட்டுப் புத்தகம் படித்த அன்றே தெரிந்துகொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் கருத்தரங்கில் யாரோ கையைத் தூக்கிச் சொல்லித் தெரிந்துகொள்வதும் உண்டு.

இனி, பலரும் தவிர்க்கும் கணக்கு. உங்கள் தரவால் எவ்வளவு சிறிய விளைவைக் கண்டுபிடிக்க முடியும்? பொது விதி எளிது: திட்டப்பிழையை (மாதிரி மாறினால் உங்கள் மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்ற அளவை) 2.8-ஆல் பெருக்குங்கள். ஐந்து சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு ஐந்து சதவீதம்), நூற்றுக்கு எண்பது முறை பிடிபடக்கூடிய மிகச் சிறிய விளைவு அதுதான். உதாரணத்துக்கு 40 மாவட்டங்கள், 20-இல் கட்டணம் குறைந்தது, 20-இல் இல்லை, மாவட்டத்துக்கு 100 பெண்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாகக் கருதினால் திட்டப்பிழை 1.45 சதவீதப் புள்ளி. 2.8-ஆல் பெருக்க, சுமார் 4 புள்ளி. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஒரே மாவட்டத்துப் பெண்கள் ஒரே வேலைச் சந்தையில் இருப்பவர்கள். அந்த உள்ளொற்றுமையை 0.05 என்று மிதமாக எடுத்தாலே மாறளவு (திட்டப்பிழையின் வர்க்கம்) கிட்டத்தட்ட ஆறு மடங்காகும், திட்டப்பிழை 3.5 புள்ளிக்கு ஏறும், பிடிபடக்கூடிய விளைவு 10 புள்ளியாகிவிடும். 30 சதவீதம் பேர் வேலையில் இருக்கும் இடத்தில் டிக்கெட் விலை குறைந்ததால் அது 40 ஆகுமா? ஆகாது. சரி, மாவட்டத்துக்கு 500 பேர் எடுத்தால்? மாதிரி ஐந்து மடங்காகியும் 10 புள்ளி சுமார் 9.2-க்குத்தான் இறங்குகிறது. ஆட்களைக் கூட்டிப் பெரிய பயனில்லை, மாவட்டங்களைக் கூட்ட வேண்டும். அல்லது மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளின் தரவைச் சேர்த்து மாவட்டங்களுக்கிடையேயான நிலையான வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு மாலைப் பொழுது போதும். போடாமல் விட்டால், கடைசியில் ‘விளைவு இல்லை’ என்று வரும் விடை உண்மையிலேயே விளைவு இல்லாததாலா, உங்கள் தரவுக்கு அதைப் பார்க்கும் திறன் இல்லாததாலா என்று சொல்ல முடியாமல் போகும். மேலே சொன்ன பூஜ்ய விடை படிக்கத் தக்கதாக இருப்பது முதல் வகையில் மட்டும்தான்.

இந்தக் கணக்கில் உங்கள் கேள்வி தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையில் இருக்கிறாரா இல்லையா என்ற அளவுகோல்தான் தோற்றது. பயண தூரத்தை விளைவு மாறியாக எடுத்தால் நிலைமை மாறலாம், ஏனென்றால் கட்டணம் நேரடியாகத் தொடுவது அதைத்தான். டிக்கெட் இயந்திரத் தரவில் ஏறிய இடமும் இறங்கிய இடமும் நேரமும் இருக்கும், ஏறியவர் வேலைக்குத்தான் போகிறாரா என்பது இருக்காது. ஊழியர் வசிப்பிடமும் வேலையிடமும் சேர்ந்து பதிவான நிர்வாகத் தரவு கிடைத்தால் அருமை. ஆனால் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் இழுக்கும், கடைசியில் மறுத்தும் விடலாம். எனவே விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிட்டு, அனுமதியை நம்பாத இன்னொரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள். ஆய்வேடு முழுவதையும் ஒரு அலுவலகத்தின் கையெழுத்தில் தொங்கவிடக் கூடாது.

உங்களைப் பதறவைத்த பணிக்கட்டுரைக்கு வருகிறேன். அதை அச்செடுத்து மூன்றை மட்டும் பாருங்கள்: அவர்கள் அளந்த விளைவு எது, யாரிடம் அளந்தார்கள், எந்த வழிமுறையால் விளைவு வருகிறது என்று காட்ட முடிந்ததா. அவர்கள் வேலைக்குப் போவோர் விகிதத்தை மட்டும் பார்த்திருந்து, உங்களிடம் பயண தூரம் இருந்தால், அந்தக் கட்டுரை உங்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருந்து, காலமும் இடமும்கூட ஒன்றாக இருந்தால் மட்டும் விலகுங்கள்.

பொருளியலில் நல்ல கேள்வி ஒரு கட்டுரையோடு தீர்ந்துபோவதில்லை. குறைந்தபட்சக் கூலியைப் பாருங்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. பக்கத்துக் கிழக்குப் பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. பொருளியலர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்திலும் 410 துரித உணவகங்களில் தொலைபேசி வழியே தகவல் திரட்டி, வேலை குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். 2000-இல் நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளோடு பதில் சொன்னார்கள். 2010-இல் டூப், லெஸ்டர், ரைஷ் மூவரும் ஒரே ஒரு மாநில எல்லையோடு நிற்காமல் நாடு முழுவதும் எல்லையோரக் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஜோடிகளை எடுத்தார்கள். 2019-இல் செங்கிஸ், டூப், லிண்ட்னர், சிப்பரர் நால்வரும் கூலிப் பரவலில் புதிய குறைந்தபட்சத்துக்குக் கீழே எத்தனை வேலைகள் மறைந்தன, அதை ஒட்டி மேலே எத்தனை தோன்றின என்று எண்ணினார்கள். ஒரே கேள்விதான். ஒவ்வொரு முறையும் மாறியது தரவு, ஒப்பீடு, அளவுகோல். நீங்கள் உங்கள் பணிக்கட்டுரையிலும் இந்த மூன்றில் எது பலவீனமாக இருக்கிறது என்று தேடுங்கள். ஆசிரியர்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பதிலும் தப்பில்லை. பெரும்பாலானோர் பதில் சொல்வார்கள்.

இயந்திரக் கற்றல்? அதை ஆர்வ வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உங்களுக்குக் கருவி. நூற்றுக்கணக்கான கட்டுப்பாட்டு மாறிகளில் (ஒப்பீட்டைச் சமன்செய்யச் சேர்க்கும் பிற காரணிகளில்) எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கவும், செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலையை அடையாளம் காணவும் பயன்படுத்துங்கள், கட்டுரையின் தரவுப் பகுதியில் எழுதுங்கள். ஆர்வம் என்று எழுதினால், நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருக்கும் எகனாமெட்ரிக்ஸ் (பொருளியலுக்கான புள்ளியியல்) பேராசிரியர் அந்த முறையின் அனுமானங்களை நிறுவச் சொல்வார், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். புதிய மதிப்பீட்டு முறைகளை உருவாக்குவதே உங்கள் வேலை என்றால் கதை வேறு. இதே எச்சரிக்கை டிஃப்-இன்-டிஃப் (மாறிய இடங்களின் முன்பின் வேறுபாட்டை மாறாத இடங்களின் வேறுபாட்டோடு ஒப்பிடும் முறை) பிரியர்களுக்கும் பொருந்தும். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் கட்டணம் குறைந்திருந்தால், ஊர் மாறிலியும் ஆண்டு மாறிலியும் (ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு உள்ள பொதுவான வேறுபாட்டைக் கழிப்பவை) போட்ட பழைய ரெக்ரஷன், முன்னதாக மாறிய ஊர்களையே பின்னர் மாறிய ஊர்களுக்கு ஒப்பீடாக எடுத்துக்கொள்ளும். விளைவு காலப்போக்கில் வளர்ந்தால் விடை தலைகீழாகவும் வரலாம். 2021-இல் குட்மன்-பேக்கன் கட்டுரையும் காலவே, சான்ட்’அன்னா கட்டுரையும் வெளியான பிறகு இதைக் கவனிக்காமல் கருத்தரங்குக்குப் போனால் இரண்டாவது ஸ்லைடைத் தாண்ட விடமாட்டார்கள்.

‘இப்போது சூடாக இருக்கும் தலைப்பை எடு’ என்று சக மாணவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் வேலைச் சந்தைக்குப் போக இன்னும் மூன்று ஆண்டாவது ஆகும். இன்று எல்லோரும் ஓடும் இடத்தில் அன்று நிற்க இடம் இருக்காது. அதைவிட, ஒரு விதியையோ ஒரு நிறுவனத்தின் நடைமுறையையோ மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது நீடித்த பலம். பேருந்துக் கட்டண அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பொருளியலர் உலகில் அதிகம் பேர் இல்லை.

சுருக்குவதற்கு ஒரு நடைமுறை. இரண்டே இரண்டு கேள்விகளை எடுங்கள், மூன்று வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம். முதல் வாரத்தில், உங்கள் துறையில் கடந்த சில ஆண்டுகளில் வேலைச் சந்தைக்கு வந்தவர்களின் முதன்மைக் கட்டுரைகளில் இருபதின் முன்னுரையை மட்டும் படித்து, ஒவ்வொன்றுக்கும் கேள்வி, மாறுபாடு எங்கிருந்து வருகிறது, தரவு, விடை என்று ஒரு வரி எழுதுங்கள். முழுக் கட்டுரை படிக்க உட்கார்ந்தால் இலக்கிய ஆய்வு என்ற பெயரில் ஆறு மாதம் ஓடிவிடும். பொருளியல் மாணவர்கள் காலத்தைத் தொலைக்கும் முதன்மையான இடம் அதுதான். இரண்டாம் வாரம் விதிகளும் குறியீட்டுப் புத்தகமும். மூன்றாம் வாரம் ஒரே ஒரு வரைபடம்: எந்தக் கட்டுப்பாட்டு மாறியும் இல்லாமல், மாறிய இடங்களும் மாறாத இடங்களும் ஆண்டுவாரியாக. மாற்றத்துக்கு முன்பே இரண்டு கோடுகளும் விலகிப் போய்க்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான்காம் வாரம் மேலே போட்ட 2.8 கணக்கும், இந்தக் கேள்வியைக் கொல்லக்கூடியவை எவை என்ற பட்டியலும்.

இத்தனையையும் ஒரு பக்கத்தில் எழுதி, சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பே நெறியாளருக்கு அனுப்புங்கள். பக்கத்தின் முதல் வரி கேள்விக்குறியில் முடிய வேண்டும். ‘எனக்கு ஐந்து யோசனைகள் இருக்கின்றன’ என்று வாயால் சொல்லும் மாணவரிடம் நெறியாளர் தலையசைத்துவிட்டுப் போவார். ஒரு வரைபடத்தை மேசையில் வைத்தால், தடியான பேனாவை எடுத்து அதன்மேல் கிறுக்க ஆரம்பிப்பார். வேலை நடப்பது அப்போதுதான். குழுவுக்கு ஆள் சேர்க்கும்போதும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கேள்வியைக் குடைய ஒருவர், முறையைச் சரிபார்க்க ஒருவர், அந்தத் தரவில் கைவைத்துப் பழகிய ஒருவர் என்று பாருங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. மூவருமே உங்கள் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டில் மூன்று கட்டுரை என்பது பரவலான வழக்கம். மூன்றும் ஒரே பொருளில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைச் சந்தையில் உங்களை எடைபோடுவது ஒரே கட்டுரையைக் கொண்டுதான். அது எந்தத் துறையோ அதுதான் உங்கள் முதன்மைத் துறை. மற்ற இரண்டில் ஒன்றாவது அதன் பக்கத்தில் நிற்பது நல்லது. தரவையோ, விதிமுறை அறிவையோ பகிர்ந்துகொண்டால் உழைப்பும் மிச்சமாகும்.

இப்போது அந்த வரி. உங்கள் நிலையில் இப்படி எழுதலாம்: ‘முதன்மைத் துறை: தொழிலாளர் பொருளியல். துணைத் துறை: நகர்ப்புற, போக்குவரத்துப் பொருளியல். பயணச் செலவு பெண்களின் வேலைத் தேடல் எல்லையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கட்டண விதிகளில் ஏற்படும் மாற்றங்களைக் கொண்டு ஆராய்கிறேன்.’ ஜேஇஎல் குறியீடு கேட்டால் ஜே16, ஜே22, ஆர்41, ஆர்48. சுற்றுச்சூழலும் சுகாதாரமும் நடத்தைப் பொருளியலும் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம், பாடமாகப் படித்தது தகுதிக் குறிப்பில் இருக்கும். ‘தாக்கம்’, ‘பன்முகப் பார்வை’, ‘விரிவான ஆய்வு’ போன்ற சொற்கள் எங்கும் ஒட்டும், அதனால் இங்கே வேண்டாம். இன்னும் முடிவு வராத நிலையில் ‘கட்டணக் குறைப்பு வேலைவாய்ப்பை உயர்த்துகிறது’ என்றும் எழுதாதீர்கள்.

நான்கு வாரச் சோதனையில் இந்தக் கேள்வி விழுந்துவிட்டால் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும், துறைகள் இரண்டும் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, புதிய மாணவர் சேர்க்கைக்கு முன்பு பக்கத்தைத் திருத்துங்கள். நான்காம் ஆண்டு முடிவில் அந்த வாக்கியமும் உங்கள் முதன்மைக் கட்டுரையின் சுருக்கத்தில் முதல் வாக்கியமும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் திருத்த வேண்டியது பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கம்தான்.